சுமை என்பது ஓர் உறவு: சுழல்சாய்வுத் தாங்கி பற்றிய சில குறிப்புகள்

இலக்கிய மாணவராகிய நாம் ஒரு பொறியைப் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின், மனித உழைப்பு எங்கெல்லாம் மொழியாகின்றதோ அங்கெல்லாம் நமக்குப் பணியுண்டு. பொறியொன்றுடன் வரும் கைந்நூலும் ஒரு நூலே. அது எதைக் கூறுகின்றது, எதைக் கூறாது விடுகின்றது என்பன ஆராயத்தக்கவை. இந்நோக்கில், மோட்டரால் இயங்கும் சுழல்சாய்வுத் தாங்கியிற் கருவியைப் பொருத்துதல், சுமையைச் சோதித்தல், மின்கம்பியிடல் ஆகிய மூன்றையும் இங்கு நோக்குவோம்.

1. அமைப்பு

கமரா, ஒளிவீச்சு விளக்கு, அலைவாங்கி முதலியவற்றை இடம்வலமாகத் திருப்பவும் மேல்கீழாகச் சாய்க்கவும் உதவும் ஈரச்சுப் பொறியே சுழல்சாய்வுத் தாங்கியாகும். 1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாந் தொகுதியிலே, விருத்தியுற்ற பொறி யாவும் இயக்கும் பகுதி, இயக்கத்தைக் கடத்தும் பகுதி, தொழில்செய்யும் கருவி என மூன்று கூறுகளைக் கொண்டன என மார்க்ஸ் விளக்கினார். இங்கு மோட்டர், பற்சில்லு, கமரா என்பன முறையே அம்மூன்றுமாம்.

இதே தத்துவம் பேரளவிற் செயற்பட்டமைக்கு இங்கிலாந்தின் ஜொட்ரல் பாங்க் வானொலித் தொலைகாட்டி சான்றாகும். 1957 இல் இயங்கத் தொடங்கிய இதன் கிண்ணம் 76 மீற்றர் விட்டமுடையது. அதனைச் சாய்ப்பதற்கு, ‘ரோயல் சொவறின்’, ‘றிவெஞ்ச்’ என்னும் போர்க்கப்பல்களின் பீரங்கி மேடைகளிலிருந்து கழற்றிய பற்சட்டங்கள் பயன்பட்டன. கொல்லுதற்கென வார்த்த உருக்கு அறிதற்கு உதவிற்று. பொறியின் பயனைத் தீர்மானிப்பது பொறியன்று, அதனைக் கையாளும் சமுதாயமே என்பது மனங்கொள்ளத்தக்கது.

2. பொருத்துதல்

தாங்கியின் தகட்டிலே ‘சுமை 5 கிலோகிராம்’ என்று மட்டும் பொறித்திருப்பின், அது அரைகுறைச் செய்தியே. 5 கிலோகிராம் கருவியின் ஈர்வை மையம் சாய்வச்சிலிருந்து 5 சென்ரிமீற்றர் தூரத்தில் இருந்தால், கிடைநிலையிலே மோட்டர் எதிர்கொள்ளும் திருப்புதிறன் ஏறத்தாழ 2.45 நியூற்றன் மீற்றர். அதே கருவியை 20 சென்ரிமீற்றர் தள்ளிப் பொருத்தினால் அது 9.8 ஆகின்றது. நிறை மாறவில்லை, சுமை நான்கு மடங்காயிற்று. ஆகவே, சுமை என்பது தனித்ததொரு பொருளன்று. நிறைக்கும் அச்சுக்கும் இடையிலான உறவாகும். மூலதனம் பொருளன்று, சமூக உறவே என்ற கூற்றைப் பயின்றோருக்கு இது புதிதன்று. உவமை நிறுவலாகாது எனினும், பொருளைக் கண்டு உறவைக் காணாது விடும் தவறு இரண்டிடத்தும் ஒன்றே.

இயக்கத்தையுஞ் சேர்த்து நோக்குமிடத்து நிலைமை மேலுங் கடினமாகின்றது. தூரம் இருமடங்கானால் திருப்புதிறன் இருமடங்காகும். ஆனால் தொடங்கவும் நிற்கவும் எதிர்க்கும் சடத்துவத் திருப்பமோ நான்கு மடங்காகும். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் விசையும் நான்கு மடங்காகும். எனவே, கருவியை முன்பின் நகர்த்தி, ஈர்வை மையத்தைச் சாய்வச்சுக்கு இயன்றளவு அண்மையிற் கொண்டுவருதல் வேண்டும். எதிர்நிறை சேர்ப்பது இறுதி வழியே. அது சமநிலையைத் தந்தாலும் மொத்த நிறையையும் சடத்துவத்தையும் கூட்டும். தாங்கும் கம்பம் செங்குத்தாக நிற்றலும் இன்றியமையாதது. அது சாய்ந்திருப்பின், இடம்வலத் திருப்பத்தையும் புவியீர்ப்பு எதிர்க்கும்.

3. சுமைச் சோதனை

விலையுயர்ந்த கருவியை ஏற்றுமுன், அதே நிறையும் அதே ஈர்வை மையமும் கொண்ட போலிச் சுமையைத் தரையிலே வைத்துச் சோதிக்க வேண்டும். முதலில் அரைச் சுமை, பின்னர் முழுச் சுமை. ஈரச்சுகளையும் எல்லைவரை மெதுவாக இயக்கி, எல்லை ஆளிகள் உரிய இடத்தில் நிறுத்துகின்றனவா எனக் காணவேண்டும். சாய்வு மோட்டர் உயர்த்தும்போதும் தாழ்த்தும்போதும் பெறும் மின்னோட்டத்தை அளந்து ஒப்பிட்டால், பெரிய வேறுபாடு சமநிலைக் குறைவைக் காட்டிக்கொடுக்கும். அடுத்து, இடைநிலையிலே மின்னைத் துண்டித்துச் சுமை நிற்கின்றதா, விழுகின்றதா எனப் பார்க்கவேண்டும். இறுதியாக, நெடுநேரம் மீள மீள இயக்கி மோட்டரின் சூட்டை அறியவேண்டும். கம்பத்தில் ஏற்றியபின் காப்புச் சங்கிலி பூட்டப்படும்வரை கீழே ஒருவரும் நிற்றலாகாது.

4. மின்கம்பியிடல்

24 வோல்ற்று வழங்கலிலிருந்து 30 மீற்றர் தொலைவிலுள்ள மோட்டர் 3 அம்பியர் பெறுவதாகக் கொள்வோம். கம்பி 0.75 சதுர மில்லிமீற்றர் செம்பாயின், போக்குவரவு 60 மீற்றருக்குத் தடை ஏறத்தாழ 1.4 ஓம்; இழப்பு 4.2 வோல்ற்று. மோட்டரை அடைவது 19.8 மட்டுமே. 1.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியில் இழப்பு 2.1 ஆகக் குறையும். தொடங்கும் கணத்திலே மின்னோட்டம் இதனினும் மிகையாதலின், மெல்லிய கம்பியை வாங்கிச் சேமித்தது மோட்டரின் தளர்ச்சியாக வெளிப்படும்.

அசையும் பகுதிக்குச் செல்லும் கம்பி, இரு எல்லைகளிலும் இழுபடாதவாறு தளர்ந்த வளையமாக விடப்பட்டு, முனைகளிற் கவ்விகளால் இறுக்கப்படவேண்டும். இழுவிசை மின்னிணைப்பில் விழாது கவ்வியில் விழவேண்டும் என்பதே இதன் நோக்கம். முடிவின்றிச் சுழலுந் தாங்கிக்கு வழுக்கு வளையம் தேவை. மோட்டரின் மின்கம்பியையும் படச்சைகைக் கம்பியையும் பிரித்தே இடவேண்டும். உருகியும் புவித்தொடுப்பும் எவ்வாற்றானும் தவிர்க்கலாகாதவை.

5. செய்பவர் யார்?

‘பொருத்தப்படல் வேண்டும்’, ‘சோதிக்கப்படல் வேண்டும்’ என்பனவே கைந்நூல்களின் வழமையான வாய்பாடு. நாமும் மேலே அவ்வாய்பாட்டிலிருந்து முற்றாகத் தப்பினோமல்லோம். இச்செயப்பாட்டுவினையிலே எழுவாயாக வேண்டியவர் மறைந்துவிடுகின்றார். அவர் ஏணியில் நிற்கும் தொழிலாளி. சோதனைக்குரிய நேரம் வீண்செலவெனக் குறைக்கப்படும்போது, மிச்சம் ஒப்பந்தகாரரைச் சேர்கின்றது. ஆபத்து ஏணியில் நிற்பவரைச் சேர்கின்றது. சுமை எப்பக்கம் சரிகின்றது என்பதை இங்கும் அளந்தறியலாம்.

அவர் தம் மொழியிலே வாசித்தறியக்கூடிய கைந்நூல் வேண்டும் எனக் கேட்பது மொழிப்பற்று மட்டுமன்று, பாதுகாப்புக் கோரிக்கையுமாகும். 19 ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயிற் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். எனவே மொழியின் இயலாமையைக் காரணங்காட்டல் பொருந்தாது. சோதனையை யார் செய்வது, அதற்கு எத்தனை மணி நேரம், நிறுத்தும் உரிமை யாருக்கு என்னும் மூன்றையும் எழுவாயோடு எழுதும் கைந்நூலே முழுமையான கைந்நூல் எனலாம்.