வண்டியே வீடு: ஓவர்லாண்டிங் போவது எப்படி?



போன ஜனவரியில் மணப்பாடு கடற்கரைக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு பெரிய லாரி நின்றது. லாரி என்றா சொல்வது? ஜன்னல், ஏணி, மேலே சோலார் பலகை எல்லாம் இருந்தது. உள்ளே ஒரு அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். ஜெர்மனியில் இருந்து வண்டியிலேயே வந்தார்களாம். என் அத்தை மகன்தான் இங்கிலீஷில் கேட்டுச் சொன்னான். அந்தச் சின்னப் பிள்ளை என் தங்கச்சி வயதுதான் இருக்கும், படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இப்படிப் போவதற்கு ஓவர்லாண்டிங் என்று பெயர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சாப்பாடு, தண்ணீர், படுக்கை, ரிப்பேர் சாமான் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, தரை வழியாகவே நாள் கணக்கில் போவதுதான் ஓவர்லாண்டிங். லாட்ஜ் கிடையாது. ரேஸும் கிடையாது. இந்தச் சொல் ஆஸ்திரேலியாவோடு சேர்ந்தது. அங்கே மாட்டு மந்தையை ரொம்ப தூரம் ஓட்டிப் போனவர்களை ஓவர்லாண்டர் என்றார்கள். 1838-ல் ஜோசப் ஹாடன் என்பவர் சுமார் 300 மாடுகளை அடிலெய்டு வரை ஓட்டிச் சேர்த்தார். பிறகு ஜீப் காலம் வந்தது. 1955-ல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவரில் லண்டனில் கிளம்பி, நம் இந்தியா வழியாக 1956-ல் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆனால் அவர்கள் வாலிபப் பையன்கள். குடும்பத்தோடு போவது வேறு.

ஆஸ்திரேலியாவில் பேர்ட்ஸ்வில் டிராக் என்று ஒரு பாதை இருக்கிறது. பாலைவனத்து ஓரமாக 500 கிலோமீட்டருக்கு மேல் போகும். 1963 டிசம்பரில் அந்தப் பக்கம் ஒரு குடும்பம் காரில் போனது. அப்பா, அம்மா, மூன்று மகன்கள். நமக்கு டிசம்பரில் மார்கழிக் குளிர், அவர்களுக்கு அது உச்சிக் கோடை. வழி தவறி, பெட்ரோலும் தீர்ந்துவிட்டது. காரில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுத் தண்ணீர் தேடி நடந்தார்கள். ஐந்து பேருமே இறந்துபோனார்கள். இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் அங்கே யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டுப் போகாதே என்பது. வண்டி நிழல் கொடுக்கும். நடந்தால் வியர்த்து உடம்பில் உள்ள தண்ணீரும் போய்விடும். விமானத்தில் தேடி வருகிறவர்களுக்கு ஆளை விட கார் சீக்கிரம் கண்ணில் படும்.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. அந்த ஊர் வெயிலில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் கொண்டு போகச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 பேர், இரண்டு நாள், 100 லிட்டர். வழியில் மாட்டிக்கொண்டால் என்று இன்னும் ஒரு நாளைக்கு 50. மொத்தம் 150 லிட்டர், அதாவது 150 கிலோ. மூன்று மூட்டை சிமெண்ட் எடை! சின்ன வண்டியில் ஐந்து பேரோடு இதுவும் ஏறுமா? அதனால் புதிதாகப் போகிறவர்கள் கிணறோ குழாயோ இருக்கிற இடத்துக்குத்தான் முதலில் போக வேண்டும். இன்னொன்று, கனமான சாமானைக் கீழே வைக்க வேண்டும். மேலே கேரியரில் ஏற்றினால் ஈர்ப்பு மையம் உயர்ந்து வளைவில் வண்டி சாயும்.

மணலில் ஓட்டுவதற்கு நம் எட்டாம் வகுப்பு அறிவியலே போதும். அழுத்தம் = விசை / பரப்பு. வண்டியின் எடையை நாம் குறைக்க முடியாது. ஆனால் டயரில் காற்றை இறக்கினால் டயர் சப்பையாகித் தரையில் படும் பரப்பு கூடும். அழுத்தம் குறையும், புதையாது. ரோட்டில் 35 பவுண்டு வைத்து ஓட்டுகிற ஜீப்பில் மணலுக்கு 20 பவுண்டு போல இறக்குவார்களாம். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் டயர் சூடேறி வெடித்துவிடும்.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஏப்ரல் லீவில் சித்தப்பாவின் பழைய ஆம்னி வேனை வாங்கிக்கொண்டு அப்பா, அம்மா, ஆச்சி, தங்கச்சி, நான் எல்லோரும் தேரிக்காட்டு ஓரம் தெரிந்தவர் தோட்டத்தில் ஒரு ராத்திரி தங்கக் கிளம்பினோம். தண்ணீர் 5 லிட்டர் கேன் இரண்டே இரண்டு. அதிலும் நான் ஒரு கேனைத் திறந்து கால் கழுவிவிட்டேன். (இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.) பதினொரு மணிக்குத் தோட்டத்துக்கு முன்னாலேயே செம்மணலில் வண்டி மாட்டியது. அப்பா ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வீல் உள்ளே தோண்டிக்கொண்டு போனது. போன் எடுத்தால் டவர் இல்லை. மத்தியானம் ஆச்சிக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது. அம்மா ஒன்றும் பேசாமல் முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தாங்க. ஆச்சி கண்ணை மூடி மூடித் திறந்தபோது எனக்கு அந்த பேர்ட்ஸ்வில் குடும்பம்தான் ஞாபகம் வந்தது.

நல்லவேளை, பனையேறுகிற தாத்தா ஒருவர் வந்தார். ஆச்சிக்குப் பதநீர் கொடுத்தார். பிறகு வண்டியைப் பார்த்துவிட்டு, "எய்யா, மிதிக்காதீரும். காத்த எறக்கும்" என்றார். வீலுக்கு முன்னால் மணலைத் தள்ளிவிட்டு ஓலை மட்டையைப் போட்டார். அப்பா மெதுவாக எடுக்க, நாங்கள் தள்ள, வண்டி வெளியே வந்தது! ஆனால் திரும்பக் காற்றடிக்க எங்களிடம் பம்பு இல்லை. பஞ்சர் கடை வரை ஊர்ந்துதான் போனோம்.

எனவே குடும்பமாகப் போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் சொந்த வீட்டு முற்றத்திலேயே ஒரு ராத்திரி பழகிப் பாருங்கள். வண்டியில் உள்ள சாமானை மட்டும் வைத்துச் சமைத்துச் சாப்பிட்டுப் படுங்கள், எது மறந்துபோனது என்று தெரிந்துவிடும். நாங்கள் போன மாசம் செய்தோம். தீப்பெட்டி இல்லை. அடுப்பை வண்டிக்குள் மட்டும் பற்றவைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். பிறகு பக்கத்தில் ஒரு இடம், ஒரே ராத்திரி. எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நேரத்துக்கு வராவிட்டால் அவர் தேடி வருவார். சின்னப் பிள்ளைகள் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறக்கி ஓடவிட வேண்டும். என் தங்கச்சிக்கு வாந்தி வரும், எலுமிச்சம்பழம் இல்லாமல் நாங்கள் கிளம்புவதில்லை.

பொங்கல் லீவில் மறுபடி போக அப்பாவுக்கு ஆசை. கால் பம்பு வாங்கிவிட்டார். ஆச்சி நான் ரெடி என்கிறாள். அம்மாதான், "பிள்ளையளக் கூட்டிட்டு இன்னொரு தடவ மணலுக்குள்ள விட்டிய, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டாங்க. ஆனால் நேற்று நான் பள்ளி விட்டு வந்தபோது 20 லிட்டர் கேன் இரண்டு கழுவி வாசலில் காய்ந்துகொண்டிருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி