நிலவறையைக் கிடங்காக்கலாமா? செலவும் பலனும்

கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே போகும் நாளில், கடைக்குக் கீழே சும்மா கிடக்கும் நிலவறையின் மீது வணிகர்களின் கண் விழுவது இயல்பே. காலிச் சாக்குகளும் உடைந்த பெட்டிகளும் போட்டு வைத்திருக்கும் அந்த இடத்தைச் செப்பனிட்டால் வாடகை மிச்சம், வண்டிக் கூலி மிச்சம், கட்டடத்தின் மதிப்பும் உயரும் என்று பலரும் எண்ணுகிறோம். இந்த மூன்றும் உண்மையாகலாம். மூன்றும் பொய்த்தும் போகலாம். எது நடக்கும் என்பதை, மேஸ்திரியை அழைப்பதற்கு முன்பே ஓரளவு கணக்குப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அதற்கு உதவவே இக்கட்டுரை.

அனுமதி இருக்கிறதா?

கட்டடத்தின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை முதலில் எடுத்துப் பாருங்கள். நிலவறை அதில் காட்டப்பட்டிருக்கிறதா, காட்டப்பட்டிருந்தால் வாகனம் நிறுத்தவா, பொருள் வைக்கவா என்பதைக் கவனியுங்கள். வாகன நிறுத்தத்திற்கு என்று அனுமதி பெற்ற இடத்தைக் கிடங்காக்கினால், நாளை உள்ளாட்சி அமைப்பு பூட்டிச் சீல் வைக்கும்போது நம் பக்கம் நியாயம் இருக்காது.

2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, நிலவறையின் உயரம் குறைந்தது 2.4 மீட்டர், அதாவது ஏறத்தாழ 8 அடி இருக்க வேண்டும் என்கிறது. காற்றோட்டம் வேண்டும், மழைநீர் உள்ளே இறங்காதபடி ஏற்பாடு வேண்டும், எளிதில் தீப்பிடிக்கும் பொருள்களை வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. உயரம் போதவில்லை என்று தரையைத் தோண்டி ஆழமாக்க முனைவோர் உண்டு. அஸ்திவாரத்தின் அருகே மண்ணை எடுத்தால் கட்டடமே இறங்கிவிடும். கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் ஒரு கூடை மண்ணையும் எடுக்க வேண்டாம்.

வாடகைக் கட்டடமாக இருந்தால் உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் அவசியம். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, எழுத்துச் சம்மதமின்றிக் கட்டுமானத்தில் மாற்றம் செய்வது வெளியேற்றுவதற்கே காரணமாகலாம். வாய்மொழியாக 'செய்துகொள்ளுங்கள்' என்று சொன்னது போதாது.

தண்ணீர்தான் முதல் எதிரி

2015 டிசம்பரில் சென்னையும், 2023 டிசம்பரில் மீண்டும் சென்னையும், அதே மாதத்தில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களும் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் முதலில் நிரம்புவது நிலவறைதான். 2024 ஜூலை 27 அன்று டில்லி பழைய ராஜேந்திர நகரில், பயிற்சி மையம் ஒன்றின் நிலவறையில் வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். அந்த நிலவறை அனுமதிக்கு மாறாக நூலகமாகப் பயன்பட்டு வந்தது. சரக்கு போனால் சம்பாதிக்கலாம். கீழே நிற்கும் பையனின் உயிர் போனால் ஈடு ஏது?

ஆகவே வாசலைப் பாருங்கள். சாலையை ஒவ்வொரு முறையும் பழைய தளத்தின் மேலேயே போட்டுப் போட்டு, பல கடைவீதிகளில் கடை வாசல் தாழ்ந்துவிட்டது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று அரசு 2021-இல் உத்தரவிட்டது. ஆயினும் முன்பே ஏறிய மட்டம் ஏறியதுதான். படி இறங்குமிடத்தில் சாலை மட்டத்திற்கு மேல் ஒன்றரை அடியாவது உயரத் தடுப்பு கட்ட இடமிருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இல்லையென்றால் யோசனையை அங்கேயே கைவிடுவது நல்லது.

அடுத்தது ஓதம். சுவரில் இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளை வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவர்ப் பக்கம் நீர் முத்தினால் மண்ணிலிருந்து கசிவு வருகிறது. வெளிப்புறம் முத்தினால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து படிகிறது. முன்னதற்குக் கசிவுத் தடுப்பு வேலை வேண்டும். பின்னதற்குக் காற்றோட்டமே பெரும்பாலும் போதும். இந்தச் சோதனையை ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்ய வேண்டும். சித்திரை வெயிலில் எந்த நிலவறையும் காய்ந்துதான் இருக்கும்.

எந்தச் சரக்கு இறங்கும்?

மளிகை வணிகர்கள் பெரும்பாலும் கணக்கில் கோட்டை விடும் இடம் இது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு நீர்விடும். வெல்லம் அதற்கு முன்பே கசியும். நிலக்கடலை, மிளகாய் வற்றல், மல்லி ஆகியவற்றில் பூஞ்சணம் பிடிக்கும். கடலையிலும் வற்றலிலும் அப்படி உண்டாகும் அஃப்ளாடாக்ஸின் நச்சு சமைத்தாலும் முற்றாகப் போகாது. அரிசி, பருப்பு, மாவு, சர்க்கரை மூட்டைகளும் ஓதமான நிலவறைக்கு ஏற்றவை அல்ல.

எண்ணெய் டின், சோப்பு, பிளாஸ்டிக் புட்டியில் அடைத்த பொருள்கள், பாத்திரங்கள் ஆகியவை தாங்கும். தீப்பெட்டி, சூடம், பெயிண்ட், சமையல் எரிவாயு ஆகியவற்றைக் கீழே வைக்கவே கூடாது. எதை வைத்தாலும் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் விலக்கி, சட்டத்தின் மீது அடுக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு விதிகளும் இதையே கேட்கின்றன.

வேலையின் வரிசை

பெயிண்ட் அடித்துவிட்டால் ஓதம் நிற்கும் என்று நம்ப வேண்டாம். வெளியிலிருந்து தள்ளும் நீரின் அழுத்தம் பூச்சையே பெயர்த்துவிடும். முறையான வரிசை இதுதான். முதலில் கூரைநீர்க் குழாய், சாக்கடை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் கசிவை நிறுத்துங்கள். பாதித் தொல்லை அதிலேயே தீர்வதுண்டு. அடுத்து விரிசல்களில் அழுத்தத்தோடு கசிவுத் தடுப்பு மருந்தைச் செலுத்துதல். பிறகு சுவருக்கும் தரைக்கும் கசிவுத் தடுப்புப் பூச்சு. தரையை ஒரு மூலைக்குச் சரிவாக்கி, அங்கே குழி வெட்டி, நீர் ஏறியதும் தானாக ஓடும் பம்பு பொருத்துதல். பெருமழையில் மின்சாரம் நிற்கும் என்பதால் பம்புக்குத் தனி இன்வெர்ட்டர் வேண்டும். மின் பலகையை மேல்தளத்திலேயே வைத்து, கீழ்த்தள இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவுத் தடுப்புச் சுவிட்சு பொருத்துங்கள். காற்று நுழைய ஒரு வழி, வெளியேற ஒரு விசிறி. ஆள் வெளியேற இரண்டாவது வழி. அலமாரியும் விளக்கும் கடைசியில்தான்.

வேலையை மாசி முதல் வைகாசிக்குள் முடித்து, ஒப்பந்தக்காரருக்குப் பத்தில் ஒரு பங்குத் தொகையை அடுத்த மழை முடியும்வரை நிறுத்தி வைக்கும்படி முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

கணக்குப் பார்ப்போம்

ஓர் எடுத்துக்காட்டு. 500 சதுர அடி நிலவறைக்கு 6 லட்சம் ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். வெளிக் கிடங்கு வாடகை மாதம் 9,000. வண்டி, ஏற்றுகூலி 4,000. ஆக 13,000. நிலவறைக்கு மின்சாரம், பராமரிப்பு மாதம் 3,000. மிச்சம் மாதம் 10,000, ஆண்டுக்கு 1,20,000. ஐந்தாண்டில் முதல் திரும்பிவிடும் என்று தோன்றும். ஆனால் வட்டியைச் சேருங்கள். 12 விழுக்காடு வட்டியில் முதலாண்டு வட்டியே 72,000. கடன் தீர எட்டாண்டுக்குச் சற்று மேல் ஆகும்.

இனி, சரக்கில் பாதி நிலவறைக்கு ஒவ்வாது என்று வையுங்கள். வெளிக் கிடங்கை விட முடியாது. 5,000 ரூபாயில் சிறியதாக ஒன்று வேண்டும். வாடகையில் 4,000, கூலியில் 2,000 மிச்சம். பராமரிப்பு 3,000 போக மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000. வட்டி 72,000! முதல் ஒருபோதும் திரும்பாது. அதே இடம், அதே செலவு. சரக்கின் தன்மை மட்டுமே லாபத்தை நட்டமாக்கிவிட்டது. உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

வரியும் காப்பீடும்

கட்டட வேலையை மூலதனச் செலவாக எழுதினால் ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. நகர்த்தக்கூடிய அலமாரிகளுக்குக் கிடைக்கும். இணக்க வரித் திட்டத்தில் இருப்போருக்கு எதற்குமே கிடையாது. ஆகவே விலைப்புள்ளி வாங்கும்போது வரியோடு சேர்த்தே கேளுங்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை வருமான வரிக் கணக்கில் ஏறாது. காசோலை அல்லது வங்கி வழியே கொடுங்கள்.

காப்பீட்டுப் பத்திரத்தில் நிலவறைச் சரக்கு சேர்ந்திருக்கிறதா, வெள்ளச் சேதத்திற்கு நிபந்தனை ஏதும் உண்டா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வெள்ளம் வந்த பிறகு கேட்பதில் பயனில்லை.

மதிப்பு உயருமா?

சொந்தக் கட்டடத்தில், வரைபட அனுமதியும் உலர்ந்த சுவரும் இருந்தால் உயரும். வாங்க வருபவர் மழைக்காலத்தில் வந்து பார்த்தாலும் கவலையில்லை. அனுமதி இல்லாத பரப்பை வங்கி மதிப்பீட்டாளர் கணக்கில் சேர்ப்பது அரிது. வாடகைக் கட்டடத்தில் உயரும் மதிப்பு உரிமையாளருக்கே போகும். எனவே செலவு திரும்பும் காலம்வரை குத்தகைக் காலத்தையும், வாடகையில் கழிவையும் ஒப்பந்தத்தில் எழுதிப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

வரைபடம், வாசல் மட்டம், ஓதச் சோதனை, சரக்குப் பட்டியல், வட்டியோடு கூடிய கணக்கு: இந்த ஐந்தும் சரியாக இருந்தால் துணிந்து செய்யுங்கள். ஒன்று குறைந்தாலும் வெளிக் கிடங்கு வாடகையை வீண் செலவு என்று எண்ண வேண்டாம். நனையாத சரக்குக்கு நாம் கொடுக்கும் விலை அது.