சட்டைப் பையில் ஒரு சின்ன டப்பா: ஆபத்தின் முதல் 24 மணி நேரத்துக்கு நாம் தயாரா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை நம்மால் எளிதில் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. மின்சாரம் நின்றது. செல்போன் சிக்னல் போனது. சாலைகள் துண்டிக்கப்பட்டன. வெளியூர்களிலும் வளைகுடாவிலும் இருந்த பிள்ளைகள், ஊரில் இருக்கும் உம்மா, வாப்பாவின் குரலைக் கேட்க முடியாமல் தவித்தார்கள்.

17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்ட முடியவில்லை. தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அடித்துச் சென்றுவிட்டது. சுமார் 800 பயணிகள் வழியில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் பலரால் 19ஆம் தேதிதான் வெளியே வர முடிந்தது. காலையில் எழும்பூரில் இறங்கிவிடலாம் என்று நினைத்துப் படுத்தவர்கள் அவர்கள். உதவி வந்து சேரும்வரை, கையிலும் பையிலும் இருந்தவைதான் அவர்களுடைய முழு ஆதாரம்.

நம் வீடுகளில் டார்ச் இருக்கிறது, மருந்துப் பெட்டி இருக்கிறது, மெழுகுவர்த்தியும் இருக்கிறது. ஆனால் ஆபத்து வரும்போது நாம் வீட்டில்தான் இருப்போம் என்பதற்கு என்ன உத்தரவாதம்? எப்போதும் நம் உடம்போடு இருக்கக்கூடிய, உள்ளங்கையில் அடங்கும் ஒரு டப்பா தேவைப்படுவது இதனால்தான். இதைச் ‘சர்வைவல் கிட்’ என்பார்கள். தினமும் வெளியே போகும்போது தவறாமல் எடுத்துச் செல்லும் பொருட்களுக்கு ‘எவ்ரிடே கேரி’ என்று பெயர்.

இது புதிய யோசனை அல்ல. இரண்டாம் உலகப் போரில், எதிரி நாட்டில் விழுந்துவிடும் பிரிட்டிஷ் விமானிகளுக்காகத் தட்டையான சிகரெட் டப்பாவில் இப்படி ஒரு பெட்டியைத் தயாரித்தார்கள். குட்டித் திசைகாட்டி, தண்ணீரைச் சுத்திகரிக்கும் மாத்திரை, தண்ணீர் பிடிக்க ரப்பர் பை ஆகியவற்றோடு ஹார்லிக்ஸ் மாத்திரைகளும் அதில் இருந்தன. இன்றும் இந்த டப்பாக்களைப் பற்றிப் பேசுபவர்கள் தூண்டில் முள், கண்ணி வைக்கும் கம்பி என்றெல்லாம் அடுக்குவார்கள். நமக்கு அவை வேண்டாம். நாம் காட்டில் தொலையப் போவதில்லை. வெள்ளத்திலோ, நின்றுபோன ரயிலிலோ, இருட்டில் நிற்கும் லிஃப்டிலோதான் மாட்டிக்கொள்வோம். அந்த நேரத்தில் எவையெல்லாம் நம்மைக் கைவிடும் என்று யோசித்து டப்பாவை நிரப்ப வேண்டும்.

டப்பாவில் என்ன வைக்கலாம்?

மூடியுள்ள சிறிய சோப்பு டப்பா அல்லது மிட்டாய் டப்பா போதும். உள்ளே வைப்பவற்றை முதலில் ஒரு ஜிப் லாக் கவரில் போட்டுக்கொள்ள வேண்டும். நனைந்த டப்பாவால் பயனில்லை.

1. எண்கள் எழுதிய காகிதம்: எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். போன் அணைந்துவிட்டால் நம்மில் எத்தனை பேருக்கு வீட்டில் உள்ளவர்களின் எண்கள் மனப்பாடமாகத் தெரியும்? ஐந்து எண்களைப் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை தண்ணீரில் கரைந்துவிடும், பென்சில் எழுத்து கரையாது. ஐந்தில் ஒன்று வெளியூரில் இருக்கும் உறவினருடையதாக இருக்கட்டும். ஊருக்குள் ஒருவரையொருவர் பிடிக்க முடியாதபோது, எல்லோரும் அந்த ஒருவருக்குத் தகவல் சொல்லிவைக்கலாம். காகிதத்தின் பின்பக்கம் பெயர், ரத்த வகை, ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மருந்துகளை எழுதுங்கள்.

2. சில்லறைப் பணம்: மின்சாரமும் சிக்னலும் இல்லாவிட்டால் ஜிபேயும் இல்லை, ஏடிஎம்மும் இல்லை. 10, 20, 50, 100 ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் இருக்கட்டும். ஒற்றை 500 ரூபாய் நோட்டுக்கு அந்த நேரத்தில் யாரிடமும் சில்லறை இருக்காது.

3. விசில்: கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிடும். விசில் சத்தம் குரலைவிட வெகுதூரம் போகும், மூச்சும் அதிகம் செலவாகாது. மூன்று முறை ஊதி, சற்று நிறுத்தி, மறுபடியும் மூன்று முறை ஊதுவது உதவி கேட்கும் அடையாளம்.

4. குட்டி எல்.இ.டி. டார்ச்: சாவிக்கொத்தில் மாட்டும் அளவே போதும. போனில் டார்ச் இருக்கிறதே என்று தோன்றலாம். போனில் மிச்சமிருக்கும் சார்ஜ் பேசுவதற்கு வேண்டும்.

5. மருந்து: தினசரி மருந்து சாப்பிடுபவர்கள் இரண்டு நாட்களுக்கானதை, பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி அட்டையோடு வெட்டி வையுங்கள். சர்க்கரை நோயாளிகள் கூடவே குளுக்கோஸ் அல்லது சீனி வைத்திருப்பது அவசியம். மருந்து போட்டுக்கொண்டு சாப்பிட முடியாமல் போனால் சர்க்கரை அளவு திடீரெனக் குறையும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தெரிந்தால் மூன்று டீஸ்பூன் சீனி உடனே கொடுக்கலாம். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

6. பிளாஸ்டரும் ஊக்கும்: வெள்ளத் தண்ணீரில் நடக்கும்போது காலில் உள்ள சின்ன வெட்டு வழியாகவும் எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகும். தண்ணீர் புகாத பிளாஸ்டர் நான்கைந்து வைத்துக்கொள்ளுங்கள். ஊக்கு நம் பெண்களிடம் எப்போதும் இருக்கும். கையில் அடிபட்டவருக்குத் துப்பட்டாவை மடித்துக் கழுத்தில் தொட்டில்போல் கட்டி, இரண்டு ஊக்கு குத்தினால் கை அசையாமல் நிற்கும்.

7. குளோரின் மாத்திரை: தண்ணீரைத் துணியில் வடிகட்டி, அட்டையில் சொன்ன அளவுப்படி போட்டு, அரை மணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும். கலங்கிய தண்ணீரில் அப்படியே போட்டால் சரியாக வேலை செய்யாது.

டப்பாவில் அடங்காதவை

தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், கொஞ்சம் பேரீச்சம்பழம் அல்லது கடலை மிட்டாய், ஒரு பெரிய குப்பைப் பை: இவை கைப்பையில் இருக்கட்டும். குப்பைப் பையின் அடியில் தலைக்கு ஓட்டை போட்டால் மழைக்கோட்டு தயார். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எத்தனை தண்ணீர் என்று படித்துப் பார்த்துக் கலக்குங்கள். பெரியது ஒரு லிட்டருக்கு, சிறியது 200 மில்லிக்கு. பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு.

சிக்னல் இல்லாத இடத்தில் போன் அதைத் தேடித் தேடியே சார்ஜை இழக்கும். ஃபிளைட் மோடில் போட்டு, மணிக்கு ஒரு முறை மட்டும் திறந்து பாருங்கள். அழைப்பு போகாத நேரத்திலும் எஸ்.எம்.எஸ். போய்ச் சேர வாய்ப்பு உண்டு. 112 பொது அவசர எண், 108 ஆம்புலன்ஸ், 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை. இவற்றையும் அதே காகிதத்தில் எழுதிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கும் பயணத்துக்கும்

பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையில் எண்கள் எழுதிய அட்டையும் விசிலும் போதும். பிளேடு, தீப்பெட்டி, மாத்திரை எதுவும் வேண்டாம். அட்டையைப் பையின் உள்ளே வையுங்கள். வெளியே தொங்கினால், முன்பின் தெரியாதவர்கூடப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும்.

உம்ராவுக்கோ வெளிநாட்டுக்கோ விமானத்தில் போகும்போது கத்தி, பிளேடு, லைட்டர், தீப்பெட்டி ஆகியவற்றைக் கைப்பையிலிருந்து எடுத்துவிட வேண்டும். பவர் பேங்க் அதற்கு நேர்மாறு. அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது.

வைத்துவிட்டு மறந்தால்?

இந்த டப்பாவின் பெரிய எதிரி மறதிதான். மாத்திரை காலாவதியாகும், டார்ச்சின் பேட்டரி கசியும், எண்கள் மாறும். நோன்புக்கு முன் வீட்டைத் துப்புரவு செய்யும்போது ஒரு முறையும், மழைக்காலம் தொடங்கும் அக்டோபரில் ஒரு முறையும் திறந்து பார்த்து மாற்றுங்கள்.

ஒரு நாள் மாலை வீட்டு மெயின் சுவிட்சை அரை மணி நேரம் அணைத்துவிட்டு, போன்களையும் ஓரமாக வைத்துப் பாருங்கள். டார்ச்சை யார் எடுக்கிறார்கள், வாப்பாவின் எண்ணைச் சின்னவன் சரியாகச் சொல்கிறானா, பெரியவர்களின் மாத்திரை எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். டப்பாவில் என்ன குறைகிறது என்பதும் அந்த அரை மணி நேரத்தில் புரிந்துவிடும். அடுத்த மழை வருவதற்குள் அதைச் சேர்த்துவிட்டால் போதும்.