அடுத்த வீட்டுச் சுவரும் நம் கடைக்காலும்

2024 பிப்ரவரி 7. ஊட்டி லவ்டேல் காந்திநகரில் வீடு கட்டும் மனை ஒன்றில் தடுப்புச் சுவருக்காக மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதை ஒட்டி மேலே, பயன்பாட்டில் இல்லாத பழைய கழிப்பறைக் கட்டடம் ஒன்று நின்றது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மண்ணோடு அந்தக் கட்டடமும் சரிந்து பள்ளத்துக்குள் விழுந்தது. கீழே நின்ற பெண் தொழிலாளர்கள் 6 பேர் உயிரிழந்தார்கள். பெரிய அடுக்குமாடி வேலை எதுவும் அங்கே நடக்கவில்லை. சாதாரண வீட்டு வேலைதான்.

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இருக்கிற வீட்டோடு ஒரு அறையோ, மாடிப்படியோ, பின்கட்டில் ஒரு சமையலறையோ சேர்த்துக் கட்டும் வேலை நடக்காத தெரு இல்லை. டைல்ஸுக்கும் கதவுக்கும் பத்துக் கடை ஏறி இறங்குபவர்கள், வானம் (கடைக்காலுக்கான பள்ளம்) தோண்டுவதை மட்டும் மேஸ்திரியிடம் விட்டுவிடுகிறார்கள். மூன்று பேருடைய பாதுகாப்பு அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது: கட்டுகிற குடும்பம், பக்கத்து வீட்டுக் குடும்பம், பள்ளத்தில் இறங்கி வேலை பார்ப்பவர். மூவருக்கும் சட்டத்தில் இடம் உண்டு. மண்வெட்டி விழுவதற்கு முன்பே அதைத் தெரிந்துகொள்வதுதான் நல்லது.

தீவு மண்ணின் குணம்

ஸ்ரீரங்கம், காவிரியும் கொள்ளிடமும் கொண்டுவந்து சேர்த்த மண்ணில் நிற்கும் தீவு. வண்டலும் மணலும் மாறி மாறி வரும். ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் நிலத்தடி நீர் மேலேறிவிடும். உத்திர வீதி, சித்திரை வீதிப் பக்கம் வீடுகள் இடைவெளியே இல்லாமல் ஒட்டி நிற்கின்றன. பல இடங்களில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பொதுச்சுவர். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக எழுந்த பழைய சுவர்களின் கடைக்கால் எவ்வளவு ஆழம் போகிறது என்பது, ஓரத்தில் சிறு குழி வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆற்றைத் தாண்டி வந்தால் கதையே வேறு. மலைக்கோட்டையைச் சுற்றிச் சில இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டுப்படும். வயலாக இருந்து மனையான இடங்களில் களிமண் இருக்கும். அது மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும். ஒரு தெருவில் சரியாக வந்த அளவை இன்னொரு தெருவில் அப்படியே போடுவது ஆபத்து.

மணலுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவை 2018 ஆகஸ்ட் மாதம் ஊரே பார்த்தது. போக்குவரத்து நிறுத்தப்பட்டு நின்ற கொள்ளிடம் பழைய இரும்புப் பாலம், 1928-இல் கட்டப்பட்டது. வெள்ளம் அடிமணலை அரித்ததில் அதன் தூண்கள் இறங்கி, பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. அதே மாதம் 22-ஆம் தேதி முக்கொம்பு மேலணையின் கொள்ளிடம் பக்க மதகுகள் 9 அடித்துச் செல்லப்பட்டன. வீட்டுப் பள்ளத்திலும் சிறிய அளவில் இது நடக்கலாம். ஊறி வரும் நீரை மோட்டார் போட்டு இரவு பகலாக இறைக்கும்போது, தண்ணீரோடு மெல்லிய மணலும் வந்தால் அது பக்கத்து வீட்டுச் சுவருக்கு அடியிலிருந்து வரும் மணலாக இருக்கலாம். இறைத்த நீர் கலங்கி, மணலோடு வந்தால் மோட்டாரை நிறுத்திப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படுகிறது. தண்ணீர் வருவதற்கு முன், பங்குனி, சித்திரையில் கடைக்காலை முடித்து மேலே வருவது தீவுவாசிகளுக்கு உத்தமம்.

ஓரத்துச் சுவரை எப்படிக் காப்பது?

பழைய சுவரை ஒட்டி முழு நீளத்தையும் ஒரே நாளில் ஜே.சி.பி. வைத்து வாரிவிடுவதுதான் பெரிய தவறு. சுவர் ஓரத்தை மூன்று நான்கு அடித் துண்டுகளாகச் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். ஒன்று விட்டு ஒன்றாகத் தோண்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகே நடுவில் விட்ட துண்டில் கை வைக்கலாம். பழைய கடைக்காலின் அடிமட்டத்துக்குக் கீழே போக வேண்டியிருந்தால் பொறியாளர் இல்லாமல் ஓர் அங்குலமும் இறங்கக் கூடாது. மணல் மண்ணில் பக்கத்துப் பக்கத்து ஃபுட்டிங்குகள் (கடைக்காலின் அடித்தளங்கள்) வெவ்வேறு ஆழத்தில் இருந்தால், ஒரு அடி ஆழ வித்தியாசத்துக்கு இரண்டு அடி விலகல் இருக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 1904 என்ற இந்தியத் தரவிதி. ஒடுக்கமான மனையில் அதற்கு இடம் இருக்காது. அப்போது ஃபுட்டிங்கை உள்ளே தள்ளிப் போட்டு, பீமை நீட்டி, ஓரத்துச் சுவரை அதன்மேல் தாங்கவைக்கும் வடிவமைப்பைப் பொறியாளர் தருவார்.

புதுக் கட்டடத்தைப் பழைய சுவரோடு இறுக்கி இணைப்பதும் வினைதான். பழையது இறங்க வேண்டிய அளவு இறங்கி நிலைத்துவிட்டது. புதியது இனிமேல்தான் இறங்கும். நடுவில் இணைப்பு இடைவெளி விடாவிட்டால் முதல் மழைக்காலத்திலேயே சேர்மானத்தில் விரிசல் தெரியும்.

கான்கிரீட்டுக்கும் விதிகள் உண்டு. ஐ.எஸ். 456-இன்படி கம்பி போடும் கான்கிரீட் குறைந்தது எம்-20 தரம். ஃபுட்டிங் கம்பிக்கு 50 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்) வேண்டும். அதற்குக் கவர் பிளாக் வைக்க வேண்டும், உடைந்த ஜல்லியை அண்டக்கொடுப்பது போதாது. பி.பி.சி. சிமெண்ட் என்றால் திருச்சி வெயிலில் 14 நாள் தண்ணீர் காட்ட வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரரின் உரிமை

வக்கீல்கள் ஈஸ்மென்ட் ஆக்ட் என்று சொல்லும் 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டம், அன்றைய சென்னை மாகாணத்தில் தொடக்கத்திலிருந்தே நடப்பில் உள்ளது. கட்டடம் எதுவும் இல்லாத இயற்கையான நிலத்துக்குப் பக்கத்து மண்ணின் தாங்கல் பிறப்புரிமை என்கிறது அதன் 7-ஆம் பிரிவு. கட்டடம் நிற்கும் நிலம் என்றால் 15-ஆம் பிரிவு வருகிறது: 20 ஆண்டுகள் இடையூறில்லாமல், உரிமையாக அந்தத் தாங்கலை அனுபவித்திருந்தால் அது முழு உரிமையாகிவிடும். ஒருவருக்குச் சொந்தமாக ஒட்டியிருந்த இரண்டு கட்டடங்களில் ஒன்றை விற்றாலும், ஒன்றையொன்று தாங்கும் உரிமை இரு பக்கமும் தொடரும் என்று 13-ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. பாகம் பிரிந்த அண்ணன் தம்பி வீடுகளுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும்.

இழப்பீடு கேட்பதற்கு உண்மையான சேதம் நடந்திருக்க வேண்டும் என்கிறது 34-ஆம் பிரிவு. ஆனால் வேலையைத் தடுக்கச் சுவர் விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தோண்டினால் தாங்கல் போவது நிச்சயம் என்று காட்டினால், 35-ஆம் பிரிவின்படி முன்கூட்டியே தடையாணை கேட்கலாம். உரிமையியல் நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை அனுப்பிப் பள்ளத்தையும் விரிசலையும் நேரில் பார்த்து அறிக்கை தரச் சொல்லலாம். ஃபுட்டிங் மண்ணுக்கடியில் எல்லை தாண்டிப் போனால் அதுவும் ஆக்கிரமிப்புதான். அகற்றச் சொல்லிக் கேட்கலாம்.

இதற்கெல்லாம் சாட்சி வேண்டும். வேலை தொடங்கும் முன் இரு வீட்டாரும் சேர்ந்து பொதுச்சுவரை இரண்டு பக்கமும் தேதியோடு படம் எடுத்து, ஏற்கெனவே இருக்கும் விரிசல்களைக் குறித்து ஆளுக்கொரு பிரதியில் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளலாம். விரிசலின் குறுக்கே ஒரு சிறிய கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் பூச்சு வைத்து ஒட்டித் தேதி எழுதுவது பழைய பழக்கம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்த அன்றே வேலையை நிறுத்த வேண்டும். இந்த ஏற்பாடு கட்டுபவருக்கும் பாதுகாப்பு. பத்து வருஷத்துப் பழைய விரிசலுக்கு அவர் பணம் கட்ட வேண்டியிருக்காது.

பள்ளத்தில் இறங்குபவரின் உயிர்

ஐந்து அடிக்கு, அதாவது ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தில் பலகையும் சட்டமும் வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரங்களைச் சரிவாக வெட்ட வேண்டும் என்கிறது ஐ.எஸ். 3764. தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டருக்கோ ஆழத்தில் பாதிக்கோ, எது அதிகமோ அவ்வளவு தூரம் தள்ளிக் கொட்ட வேண்டும். இடமில்லை என்று விளிம்பிலேயே குவிப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழையில் சென்னை வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் கட்டடத்துக்காகத் தோண்டிய சுமார் 50 அடிப் பள்ளத்தின் ஓரம் சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். மழை அறிவிப்பு வந்தால் பள்ளத்தில் யாரும் இறங்கக் கூடாது.

உயிருக்கு ஆபத்து வராமல் காக்கும் ஏற்பாட்டைக் கட்டடம் கட்டுபவர் அலட்சியமாக விட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 290-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். அலட்சியத்தால் உயிர் போனால் 106-ஆம் பிரிவு, 5 ஆண்டு வரை சிறை. வேலைக்கு வருபவர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேட்டு, இல்லையென்றால் பதிய உதவுவது வீட்டுக்காரரால் முடிகிற காரியம்.

அனுமதி, ஒப்பந்தம், புகார்

2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் உடனடி அனுமதி தரும் திட்டம் தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்தது. சேர்த்துக் கட்டும் வேலை அதில் அடங்குமா என்பதை மாநகராட்சியின் கோட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். சுயசான்று என்றால் கடைக்காலை அதிகாரி வந்து பார்த்து ஒப்புதல் தந்தார் என்று பொருள் ஆகாது, பொறுப்பு விண்ணப்பித்தவருடையது. மலைக்கோட்டைக் குடைவரைகள் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அப்படிப்பட்ட சின்னங்களின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்குள் முன் அனுமதி வேண்டும்.

தோண்டும்போது பழம்பொருள் கிடைத்தால் மறைக்கக் கூடாது. 2020 பிப்ரவரி 26 அன்று திருவானைக்காவல் ஜம்புகேசுவரர் கோயில் வளாகத்தில் தோண்டியபோது ஒரு பாத்திரத்தில் 505 பொற்காசுகள் கிடைத்து, அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. வீட்டுப் பள்ளத்தில் கிடைக்கும் புதையலையும் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

கான்ட்ராக்டரோடு வாய்ப்பேச்சு போதாது. ஆழம், ஃபுட்டிங் அளவு, கம்பித் தடிமன், சிமெண்ட் வகை, பக்கத்து வீட்டுக்குச் சேதமானால் யார் சரிசெய்வது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பணத்தை வேலை முடிய முடியத் தரலாம். கம்பி கட்டியதும், கான்கிரீட் ஊற்றும் முன்பு, பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அடுத்த தவணை. மண் மூடிய பின் பார்ப்பதற்கு எதுவும் இருக்காது.

வீடு கட்டித் தருவது ஒரு சேவை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சொல்கிறது. ஒப்பந்தப்படி தந்த பணம் 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம். இந்த வழி, பணம் கொடுத்து வேலை வாங்கியவருக்குத்தான். சுவர் வெடித்த பக்கத்து வீட்டுக்காரர் போக வேண்டியது உரிமையியல் நீதிமன்றம்.

அனுமதி இல்லாத வேலை என்றால் மாநகராட்சியில் எழுத்தில் புகார் தந்து ஒப்புகை வாங்க வேண்டும். நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 57-ஆம் பிரிவு அத்தகைய வேலையை நிறுத்த அதிகாரம் தருகிறது. பள்ளம் சரிந்து ஆள் சிக்கினால் முதலில் 112-ஐ அழைக்க வேண்டும். மண்ணை ஜே.சி.பி. கொண்டு அவசரமாக வாரினால் உள்ளே இருப்பவருக்கு ஆபத்து கூடும். வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். இரு வீட்டாரும் சம்மதித்தால் வழக்கு போடும் முன்பே லோக் அதாலத்தில் பேசி முடிக்கலாம். அங்கே எழுதப்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது.