ஒரே கதவு எண்ணில் இரண்டு கார்டுகள்

பழைய கணினியில் இரண்டு கார்டுகள் மோதும்போது பெரும்பாலும் இரண்டுமே நல்ல கார்டுகள்தான். தனித்தனியாகச் செருகினால் ஒழுங்காக ஓடும்; சேர்த்துச் செருகினால் ஒன்றோ இரண்டுமோ முடங்கும். ஒரே தெருவில் இரண்டு வீடுகளுக்கு 12 என்று கதவு எண் இருந்தால் தபால்காரர் திண்டாடுவது போலத்தான். பழைய எண், புதிய எண் என இரண்டையும் எழுதிப் பழகிய சென்னைக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1990களில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து வீடுகளுக்கு வந்த கணினிகளில் பல, ரிச்சி தெருவில் உதிரிகளாக வாங்கிச் சேர்த்த ‘அசெம்பிள்டு’ கணினிகள். மதர்போர்டு ஒரு கம்பெனி, சவுண்டு கார்டு வேறு கம்பெனி. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இணையச் சேவையைத் தொடங்கிய பிறகு மோடமும் சேர்ந்துகொண்டது. அலுவலகங்களில் டாஸ் திரையில் தமிழ் தெரியவே தனியாக ஒரு கார்டு வேண்டியிருந்தது: ஐஐடி கான்பூரில் வேர்விட்டு, புனேயின் சி-டாக் வளர்த்தெடுத்த ஜிஸ்ட் கார்டு. இத்தனைக்கும் இடம் கொடுத்தது ஐஎஸ்ஏ ஸ்லாட். 1981இல் ஐபிஎம் பிசியுடன் வந்து, 1984இல் 16 பிட்டாக விரிந்த அந்த ஏற்பாட்டில் எண்ணைப் பங்கிட்டுக் கொடுக்க யாரும் இல்லை. கார்டில் ஜம்பர் என்னும் சின்ன இணைப்பு மூடி எந்த ஊசிகளில் மாட்டியிருக்கிறதோ, அதுதான் எண்.

அந்த எண்கள் மூன்று வகை. முதலாவது முகவரி: சவுண்டு பிளாஸ்டருக்கு 220, என்இ2000 வகை நெட்வொர்க் கார்டுக்கு 300 என்பது வழக்கம். அடுத்தது, நினைவகத்தோடு நேரடியாகத் தரவு பரிமாறும் டிஎம்ஏ வழி; பிளாப்பிக்கு 2, சவுண்டு கார்டுக்குப் பெரும்பாலும் 1. மூன்றாவது ஐஆர்க்யூ. ‘என்னைக் கவனி’ என்று கார்டு அடிக்கும் மணி அது. தலைவலி அதிகம் வருவதும் இங்கேதான். 16 பிட் ஸ்லாட் கொண்ட ஏடி வகைக் கணினியில் மணிகள் 15. டைமர், கீபோர்டு, பிளாப்பி, ஹார்டு டிஸ்க் எடுத்தது போகக் கார்டுகளுக்கு மிஞ்சுவது கொஞ்சம். 8 பிட் கார்டுகளுக்கோ 7ஐத் தாண்டிய மணிகள் எட்டுவதே அரிது. பின்னால் வந்த பிசிஐ கார்டுகள் ஒரே மணியைப் பகிர்ந்துகொள்ளும். ஐஎஸ்ஏயில் ஒரு கார்டு அடிக்கும் மணியை இன்னொன்று அமுக்கிவிடும்.

அறிகுறிகளே பாதி விடையைச் சொல்லிவிடும். காம்1 என்ற சீரியல் போர்ட்டில் மவுஸும் காம்3இல் மோடமும் இருந்தால் இரண்டுக்கும் மணி 4. டயல் செய்ததும் மவுஸ் உறைந்துபோகும். ஒலியின் முதல் துண்டு மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால் சவுண்டு கார்டின் மணி போய்ச் சேரவில்லை. பிரின்டரும் தொடக்ககாலச் சவுண்டு பிளாஸ்டரும் 7ஐப் பிடித்துக்கொண்டாலும் மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் போகலாம். டாஸ் அச்சடிக்கும்போது பெரும்பாலும் மணிக்குக் காத்திருப்பதில்லை. எல்லாவற்றிலும் ஏமாற்றுவது எஸ்3 வீடியோ கார்டும் காம்4 மோடமும். காகிதத்தில் எண்கள் வேறு வேறு. ஆனால் பழைய மோடம் முகவரியின் கடைசி 10 பிட்டுகளை மட்டுமே படிப்பதால், வீடியோ கார்டுக்குப் போகும் கட்டளையைத் தனக்கு வந்ததாக எண்ணிக்கொள்ளும்.

மோதல் என்று முடிவுகட்டும் முன் மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டுக் கார்டுகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சென்னையின் ஈரக்காற்றில் கார்டின் தொடுமுனைகள் மங்கும். பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் துடைத்து, அழுத்திச் செருகினால் பல கணினிகள் அதிலேயே உயிர் பெறும். அதற்கும் அடங்கவில்லை என்றால் வீடியோவையும் டிஸ்க் கன்ட்ரோலரையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கணினியை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலை. ஆனால் குறுக்குவழிகள் எல்லாம் இதைவிட நேரம் தின்பவை.

முரண்டு பிடிக்கும் கார்டு தெரிந்ததும் எண்ணை மாற்றலாம், அல்லது பயன்படாத ஒன்றை அணைக்கலாம். என்இ2000க்கு மணி 3 வேண்டுமென்றால், சும்மா கிடக்கும் காம்2ஐ பயாஸிலோ ஐஓ கார்டின் ஜம்பரிலோ அணைத்தால் போதும். சவுண்டு கார்டில் ஜம்பரை மாற்றினால் ஆட்டோஎக்ஸெக் கோப்பின் ‘பிளாஸ்டர்’ வரியையும் மாற்ற வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம். விண்டோஸ் 95இன் டிவைஸ் மேனேஜர் மஞ்சள் குறி காட்டும். ஆனால் ஜம்பர் கார்டு விஷயத்தில் அது சொல்வது கேள்விப்பட்ட எண்தான். உண்மையான எண் கார்டில்தான் இருக்கிறது. 1993க்குப் பின் வந்த பிளக் அண்ட் பிளே கார்டுகளோடு பழைய கார்டும் இருந்தால், அதன் எண்ணை பயாஸில் ‘லெகசி’ என்று ஒதுக்கிவைக்க வேண்டும். கடைசியில் எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கேபினெட் மூடியின் உட்புறம் ஒட்டிவிட்டால், அடுத்து அதைத் திறப்பவர் முதலிலிருந்து தேட வேண்டியதில்லை.