கடலைக் கடக்கும் பல்லுக்கொதி

நெடுந்தீவில் இரவு பல்லுக்கொதி தொடங்கினால் விடியும்வரை பொறுக்கத்தான் வேண்டும். குறிகட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பஸ். கடல் கொந்தளித்தால் படகும் இல்லை. தீவுகளில் வருமுன் காப்பதன் பெறுமதி இதனால்தான் இரட்டிப்பாகிறது.

சூத்தை ஒரே நாளில் விழுவதில்லை. வாயிலுள்ள பக்டீரியாக்கள் இனிப்பை அமிலமாக்க, அந்த அமிலம் பல்லின் மேற்படையைக் கரைக்கிறது. பனங்கட்டியும் இனிப்புத்தான், அடிக்கடி கடித்தால் பல்லுக்கு ஓய்வில்லை. புளோரைட்டுப் பற்பசையால் நாளுக்கு இருமுறை, குறிப்பாகப் படுக்கைக்கு முன், துலக்குவது சூத்தையைத் தடுக்கும். மூன்று வயதுக்குள் அரிசியளவு, ஆறு வயதுவரை பட்டாணியளவு பசை போதும். பாற்பல் விழத்தானே போகிறது என்று விடக்கூடாது. நிரந்தரப் பல்லுக்கு இடம் காப்பது அதுதான்.

முதியோருக்கு ஆபத்து வெற்றிலைத் தட்டில் இருக்கிறது. புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது. இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்று முன்னணியில் நிற்கிறது.

வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாய் திறக்க இறுக்கம்: இவற்றில் ஒன்று கண்டாலும் அடுத்த படகிலேயே வைத்தியரிடம் போகவேண்டும். நோ இல்லையென்று காத்திருக்கக் கூடாது. தொடக்கத்தில் வாய்ப்புற்று பெரும்பாலும் நோவதில்லை.