வெயிலும் நிழலும் ஒரே அறையில்

செமினியில் புது வீடு வாங்குகிறவர்கள் சாவி கைக்கு வந்ததும் செய்கிற முதல் வேலைகளில் ஒன்று, போர்ச்சை நீட்டி ஆவ்னிங் போடுவது. கொஞ்ச காலத்தில் கார் தெருவோரத்துக்குப் போய்விடும். போர்ச், துணி காயப்போடவும் பழைய நாற்காலிகளை அடுக்கவும் ஆன இடமாகிவிடும். அதைச் சுவர் எழுப்பி அடைத்து, லெப்பர்ட் கெக்கோ, பியர்டட் டிராகன், கார்ன் ஸ்நேக் போன்ற ஊர்வனவற்றை வளர்க்கும் அறையாக மாற்றலாமா என்று யோசிப்பவர்கள் உண்டு. மாற்றலாம். காஜாங் நகராண்மைக் கழகத்திடம் அனுமதி வாங்கிவிட்டுச் செங்கல்லில் கை வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் "நம் நாடுதான் வருடம் முழுக்கச் சூடாக இருக்கிறதே, இதற்கென்ன தனி ஏற்பாடு?" என்ற நினைப்போடு இறங்கினால், வாங்கிய விலங்கு சீக்கிரமே செத்துப்போகும்.

இந்த அறைகளைப் பற்றிய கையேடுகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. நான்கு சுவரும் கதவும் உள்ள கராஜைப் பனிக்காலத்தில் எப்படிச் சூடாக்குவது என்பதுதான் அவற்றின் கவலை. நம் கவலை நேர் எதிரானது. பிற்பகல் 3 மணிக்கு, மேற்குப் பார்த்த போர்ச்சின் தகரக் கூரைக்கு அடியில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வெப்பம் உச்சந்தலையில் இறங்குவது தெரியும். காற்றின் வெப்பநிலை 33 டிகிரி என்றுதான் வானிலை அறிக்கை சொல்லியிருக்கும். தகடோ அதைவிட மிக அதிகமாகச் சுட்டு, அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கதிராகக் கீழே கொட்டிக்கொண்டிருக்கும். இந்த இடத்தை நான்கு பக்கமும் அடைத்துவிட்டால் அது கொதிகலன்தான்.

ஊர்வனவற்றின் உடல் சுற்றுப்புறச் சூட்டுக்குத் தக்கபடி தானாக ஏறி இறங்கும் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் ரேமண்ட் கௌல்ஸும் சார்ல்ஸ் போகர்ட்டும் கலிபோர்னியப் பாலைவனத்தில் பல்லிகளையும் பாம்புகளையும் வெப்பமானியோடு பின்தொடர்ந்து, 1944-ல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். ஒவ்வொரு இனமும் தனக்கென்று ஒரு குறுகிய வெப்ப எல்லையை வைத்திருக்கிறது, பகல் முழுவதும் வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போய் அந்த எல்லைக்குள்ளேயே உடலை நிறுத்திக்கொள்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். நமக்கு வியர்வையும் நடுக்கமும் செய்து தருகிற வேலையைப் பல்லி தன் கால்களால் செய்துகொள்கிறது. அதே பாலைவனப் பல்லியை நிழலுக்குப் போக விடாமல் வெயிலில் பிடித்து வைத்தால் சில நிமிடங்களில் செத்துவிடும் என்பதும் தெரியவந்தது.

மாலை மங்கிய பிறகு ஒரு லெப்பர்ட் கெக்கோவைக் கவனித்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். மறைவிடத்திலிருந்து முதலில் முகம் மட்டும் வெளியே வரும். பெரும்பாலான கெக்கோக்களுக்கு இல்லாத இமைகளை மெல்ல மூடித் திறக்கும். பிறகு சூடான ஓட்டின் மேல் ஏறி, நான்கு கால்களையும் பரப்பி, வயிற்றை அதில் அழுத்திப் படுத்துக்கொள்ளும். உடல் சூடேறியதும் இரைக்குப் போகும். தின்றுவிட்டு மறுபடியும் அதே ஓட்டுக்கு வரும், ஏனென்றால் சூடில்லாமல் செரிமானம் நடக்காது. பாம்புகளின் நிலைமை இன்னும் கடினம். எலியை விழுங்கிய பாம்புக்கு வெப்பம் கிடைக்காவிட்டால், இரை வயிற்றிலேயே அழுகத் தொடங்கும், பாம்பு அதைக் கக்கிவிடும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மேத்யூ குளூகரும் அவருடைய சகாக்களும் 1974-ல் வெளியிட்ட பரிசோதனையை ஊர்வன வளர்க்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். பாலைவன இகுவானாக்களுக்குப் பாக்டீரியாவை ஊசி மூலம் செலுத்தி, ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியும் உள்ள பெட்டியில் விட்டார்கள். நோய் கண்ட பல்லிகள் வழக்கத்தைவிட ஏறக்குறைய 2 டிகிரி அதிகச் சூட்டைத் தாமாகவே தேடிப் போய்ப் படுத்தன. அடுத்த ஆண்டு வந்த ஆய்வில், அப்படி அதிகச் சூட்டில் இருந்த பல்லிகளே அதிகமாகப் பிழைத்தது உறுதியானது. நமக்குக் காய்ச்சல் உள்ளேயிருந்து வருகிறது. அவற்றுக்கோ அதைப் போய்த் தேடிக்கொள்ள ஓர் இடம் இருக்க வேண்டும்.

ஆகவே அறை முழுவதும் 30 டிகிரி என்று ஒரே சீராக வைப்பது, பார்க்க நேர்த்தியாக இருந்தாலும், விலங்கின் ஒரே கருவியைப் பறிப்பதாகும். பியர்டட் டிராகனுக்கு விளக்கின் அடியில் 40 டிகிரி அளவுக்குச் சூடான கல் வேண்டும். அதே தொட்டியின் மறுமுனை 25-ஐ ஒட்டி இருக்க வேண்டும். சூடான முனையை உண்டாக்குவது எளிது, ஒரு விளக்கு போதும். குளிர்ந்த முனைதான் நம் ஊரில் சிக்கல். மதியம் அறைக்காற்றே 33 டிகிரியைத் தொட்டால், தொட்டியின் எந்த மூலையும் அதற்குக் கீழே இறங்க வழியில்லை. நியூ கலிடோனியாவிலிருந்து வந்த கிரெஸ்டட் கெக்கோவுக்கு 28 டிகிரியைத் தாண்டினாலே ஆபத்து. ஐரோப்பியர் ஹீட்டருக்குச் செலவழிக்கும் பணத்தை நாம் கூரைக்கு அடியில் வெப்பத்தடுப்புத் தாளுக்கும், பிளாஸ்டர் சீலிங்குக்கும், ஏர்கோனுக்கும் செலவழிக்க வேண்டும்.

ஏர்கோன் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். 1 குதிரைத்திறன் ஏர்கோன் மணிக்கு ஏறக்குறைய 9,000 பிடியூ வெப்பத்தை வெளியேற்றும். அது சுமார் 2,600 வாட். பத்துத் தொட்டிகளில் தலா 50 வாட் விளக்கு எரிந்தால் 500 வாட். அதாவது ஏர்கோனின் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, நாமே உள்ளே ஏற்றிய சூட்டை வெளியே தள்ளுவதற்கே போகிறது. சூடான காற்று மேலே போகும் என்பதால் மேல்தட்டுத் தொட்டிகள் எப்போதும் கீழ்த்தட்டைவிடச் சூடாக இருக்கும். கிரெஸ்டட் கெக்கோவின் இடம் தரையை ஒட்டித்தான்.

இந்த ஏற்பாட்டில் பலர் பார்க்கத் தவறும் ஓர் அபாயம் மின்னல். நம் பகுதியில் பிற்பகல் இடிமழைக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பெரிய இடி விழுந்ததும் இஎல்சிபி டிரிப் ஆகிவிடும், வேலையிலிருந்து வந்துதான் தூக்கிவிடுவோம். எல்லாமே அணைந்தால் பரவாயில்லை, வெப்பம் மெதுவாகத்தான் ஏறும். ஏர்கோன் மட்டும் தனி சுவிட்சில் இருந்து அது மட்டும் விழுந்து, விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தால்தான் பேராபத்து. ஒவ்வொரு விளக்கும் ஹீட் மேட்டும் தெர்மோஸ்டாட் வழியாகத்தான் எரிய வேண்டும், அறை சூடேறினால் தானாக அணைய வேண்டும். இந்த ஒரு செலவில் மட்டும் யாரும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

அடுத்தது வெயில். செமினி பூமத்திய ரேகைக்கு வடக்கே 3 டிகிரியில் இருக்கிறது. நண்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கும். ஆனால் நம் ஆவ்னிங்குகளில் பல, வெளிச்சம் வர வேண்டும் என்று பாலிகார்பனேட் தகட்டில் போடப்பட்டவை. அந்தத் தகடு வெளிச்சத்தை விடும், புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். சன்னல் கண்ணாடியும் யுவிபி எனப்படும் பகுதியை விடாது. பளிச்சென்று இருக்கும் போர்ச்சில் பல்லிக்கு வெயில் கிடைக்கிறது என்று நம்பி ஏமாறுவது இங்கேதான். யுவிபி தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகத் தொடங்கும், அது முழுமையடைய உடல் சூடும் வேண்டும். டி3 இல்லாவிட்டால் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. தாடை மென்மையாகும், கால் வளையும், கடைசியில் நடக்கவே முடியாது. யுவிபி குழல்விளக்கு போட்டால் சரியாகிவிடும், ஆனால் வெளிச்சம் அப்படியே இருக்கும்போதே கதிர் மட்டும் மாதங்களில் மங்கிவிடும். எரிகிறதே என்று விட்டுவிடாமல் உற்பத்தியாளர் சொன்ன காலத்தில் மாற்ற வேண்டும்.

ஈரப்பதத்துக்கு ஏர்கோனே பாதி மருந்து. வறண்ட ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பியர்டட் டிராகனுக்கு நம் 80 சதவீத ஈரம் நல்லதில்லை, அசைவற்ற ஈரக்காற்று நுரையீரல் தொற்றில் கொண்டுபோய் விடும். அதே அறையில் மேற்கு ஆப்பிரிக்காவின் பால் பைத்தன் இருந்தால், தோல் உரிக்கும் சமயத்தில் அதற்கு ஈரமான பாசி நிரப்பிய ஒரு மூடிய டப்பா போதும்.

சுத்தம் செய்வதிலும் கவனம் வேண்டும். சால்மொனெல்லா கிருமி ஆரோக்கியமான ஊர்வனவற்றின் குடலிலும் வாழும். அமெரிக்கா 1975-ல் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த குட்டி ஆமைகளின் விற்பனையைத் தடைசெய்ததற்குக் காரணம் குழந்தைகளுக்கு வந்த இந்தத் தொற்றுதான். தொட்டி கழுவும் தண்ணீர் சமையலறைத் தொட்டிக்குப் போகக் கூடாது. போர்ச்சில் ஒரு குழாயும் வடிகாலும் இருந்தால் அது பெரிய வசதி.

விலங்கு எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்குச் சமரசம் இல்லை. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை (சட்டம் 716) 2022-ல் திருத்தியபோது அதிகபட்ச அபராதத்தைப் பத்து லட்சம் ரிங்கிட்டாகவும் சிறைத் தண்டனையை 15 ஆண்டாகவும் உயர்த்தினார்கள். மலைப்பாம்பு இனங்கள் எல்லாமே, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவை. தோட்டப்புறத்தில் பிடிபடும் நம் மலைப்பாம்பும் பாதுகாக்கப்பட்டதுதான். கடைக்காரர் என்ன சொன்னாலும், வாங்குமுன் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் நேரே கேட்டுவிட வேண்டும். 2010 ஆகஸ்டில் கேஎல்ஐஏவில் உடைந்த ஒரு பயணப்பெட்டிக்குள் 95 போவா பாம்புகள் இருந்தன. 2023 ஏப்ரல் 28 அன்று கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குப் போன ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் பிடிபட்டன. எதிர்த்திசையில் இந்தியாவின் நட்சத்திர ஆமைகள் இங்கே கடத்தி வரப்படுகின்றன. 2019-ல் அவை சைட்டிஸின் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்குப் போயின. அப்படி வரும் உயிர்களில் எத்தனை வழியிலேயே மூச்சடைத்துச் சாகின்றன என்பதை நினைத்தால், காகிதம் இல்லாத மலிவு ஆமையைத் தொடவே மனம் வராது.

கட்டி முடித்த அறைக்கு வெளியே ஓர் எதிரி உண்டு, எந்த வெளிநாட்டுக் கையேட்டிலும் அது இல்லை. தாமானில் டிங்கி கண்டால் புகை மருந்து அடிக்க வருவார்கள். கதவு, சன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு வெளியே போகச் சொல்வார்கள். கொசுவுக்காக அது சரிதான். ஆனால் அந்தப் புகையில் பைரித்ராய்டு வகை மருந்தோ மாலத்தியானோ இருக்கும், பல்லிகளையும் பாம்புகளையும் அது நரம்பில் தாக்கும். புகை வரும் நாளில் அந்த அறைக்கு மட்டும் கதவை அடைத்து, வெளிக்காற்றை இழுக்கும் விசிறியை நிறுத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி வைக்க வேண்டும். தெருவில் புகை கலைந்தபின் தண்ணீர்க் கிண்ணங்களை மாற்ற வேண்டும். கடைகளில் செங்கெரிக் என்று விற்கும் கிரிக்கெட் பூச்சிகளைத் தீனிக்காக வெளியே வைத்திருந்தால், அவற்றின் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். அவை செத்தோ கால் உதறிக்கொண்டோ கிடந்தால், மருந்து அவற்றில் ஏறியிருக்கிறது. அந்தப் பெட்டியை முழுசாகக் குப்பையில் போட்டுவிட்டு, புதிது வாங்கி வந்த பிறகுதான் பல்லிகளுக்கு இரை.